நாஸ் பெட்டி நிரம்பினால்: பெரிய டிஸ்க் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்ரூடியோ, கணக்காளர் அலுவலகம், பாடங்களைப் பதிவுசெய்து கொடுக்கும் ரியூட்டரி போன்ற இடங்களில் இப்போது மேசைக்கடியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் காணலாம். உள்ளே இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க், பின்னால் ரவுட்டருக்குப் போகும் ஒரு கேபிள். அங்கே உள்ள எல்லாக் கணினிகளும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் கோப்புகளைப் போடுகின்றன, எடுக்கின்றன. இதைத்தான் நாஸ் என்கிறோம். சினோலஜி, கியூநாப் என்ற இரண்டு தாய்வான் நிறுவனங்களின் பெட்டிகள் பலருக்கும் தெரிந்தவை. பழைய கணினியில் ட்ரூநாஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் தாங்களே செய்துகொள்பவர்களும் உண்டு.

வாங்கும்போது பெரிதாகத் தெரிந்த இடம் எவ்வளவு விரைவில் தீர்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். செக்கனுக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே வீடியோ எடுக்கும் கமரா ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிகாபைட் எழுதும். தாலிகட்டில் தொடங்கி மாலை வரவேற்பு வரை இரண்டு கமரா ஆளுக்கு ஆறு மணித்தியாலம் ஓடினால் 540 ஜிகாபைட். அப்படி ஏழு கல்யாணம் முடிந்தால் 4 டெராபைட் டிஸ்க் நிரம்பிவிடும். அதற்கு மேல் சாமத்தியவீடு, பிறந்தநாள், கோயில் திருவிழா எல்லாம் இருக்கின்றன.

பெட்டி நிரம்பியதும் பெரும்பாலானோர் செய்ய நினைப்பது ஒன்றுதான். 8 டெராபைட் டிஸ்க் ஒன்றை வாங்கி, பழையதில் ஒன்றைக் கழற்றி, புதியதைப் போடுவார்கள். பெட்டி ஒரு இரவு முழுக்க ஓடும். காலையில் பார்த்தால் இடம் ஒரு மெகாபைட்கூடக் கூடியிருக்காது. டிஸ்க்கிலும் பிழையில்லை, பெட்டியிலும் பிழையில்லை. நாஸ் இடத்தை எப்படிக் கணக்குப் பார்க்கிறது என்பது விளங்கிவிட்டால், ஏன் கூடவில்லை என்பதும் எப்போது கூடும் என்பதும் தானாக விளங்கும்.

டிஸ்க், பூல், வொலியூம்

கணினியில் டிஸ்க் ஒன்றைப் பூட்டினால் அந்த டிஸ்க்கே உங்களுக்குத் தெரியும். நாஸ் அப்படியில்லை. அதற்குள் மூன்று படிகள் இருக்கின்றன. கீழே இருப்பவை டிஸ்க்குகள். அவற்றைச் சேர்த்து ஆக்குவது ஸ்டோரேஜ் பூல். அந்தப் பூலுக்குள் கோப்புகளை வைப்பதற்காக அமைப்பது வொலியூம். உங்கள் கணினியில் தெரியும் பகிர்வு போல்டர்கள் எல்லாம் வொலியூமுக்குள்தான் இருக்கின்றன.

இரண்டு பரப்புக் காணியில் வீடு கட்டி இருக்கிறீர்கள் என்று வையுங்கள். பக்கத்துக் காணியும் விலைக்கு வந்தது, வாங்கிவிட்டீர்கள். உறுதி முடித்த கையோடு வீடு பெரிதாகிவிடாது. முதலில் நடுவில் நிற்கும் வேலியை எடுத்து இரண்டையும் ஒரே வளவாக்க வேண்டும். அதன்பிறகு வீட்டை அந்தப் பக்கம் இழுத்துக் கட்ட வேண்டும். டிஸ்க் காணி, பூல் வளவு, வொலியூம் வீடு. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பெரிதாக வேண்டும், அதுவும் இந்த வரிசையில்தான்.

“டிஸ்க் மாற்றினேன், இடம் கூடவில்லை” என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பகுதி இந்தப் படிகளில் ஏதோ ஒன்று நடக்காமல் நிற்பதால் வருவது. சில பெட்டிகள் மூன்றையும் தாங்களே அடுத்தடுத்துச் செய்துவிடும். சிலவற்றில் கடைசிப் படியான வொலியூமை நீங்களே போய் விரிக்க வேண்டும். ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்எஃப்எஸ் முறையில், தானாக விரிவதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. அது நிறுத்தப்பட்டிருந்தால் எல்லா டிஸ்க்கையும் மாற்றிய பிறகும் பழைய அளவே காட்டும்.

ஒரு பெரிய டிஸ்க் ஏன் போதாது

பூல் என்பது டிஸ்க்குகளை வெறுமனே கூட்டிச் சேர்த்த தொகை அல்ல. ஒரு டிஸ்க் செத்தாலும் கோப்புகள் தப்ப வேண்டும் என்பதற்காக, இடத்தின் ஒரு பகுதியை அது பாதுகாப்புக்கென ஒதுக்கி வைக்கிறது. றெயிட் எனப்படுவது இந்த முறைதான். 1988இல் அமெரிக்காவின் பேர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ரண்டி காற்ஸ் ஆகிய மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இருந்து இந்தப் பெயர் பரவியது. அன்று அவர்கள் வகுத்த அடிப்படைதான் இன்று உங்கள் மேசைக்கடியிலும் ஓடுகிறது.

இரண்டு டிஸ்க் பெட்டியில் வழமையாக இருப்பது றெயிட் 1. ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதும். 4ம் 4ம் போட்டால் கிடைப்பது 4. இப்போது ஒன்றை 8 ஆக்குங்கள். புதிய டிஸ்க்கில் 4 டெராபைட் மிச்சம் இருக்கிறது, ஆனால் அந்த மிச்சத்தில் எழுதுவதற்கு மற்றப் பக்கத்தில் சோடி இல்லை. சோடி இல்லாத இடத்தைப் பாதுகாக்க முடியாது. பாதுகாக்க முடியாத இடத்தைப் பெட்டி உங்களுக்குத் தராது. இரண்டாவதையும் 8 ஆக்கினால்தான் இடம் திறக்கும்.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட டிஸ்க் இருந்தால் றெயிட் 5 வரும். இங்கே முழுப் பிரதி எடுப்பதில்லை. கணக்கு ஒன்றை எழுதி வைக்கிறது. முதல் டிஸ்க்கில் 7, இரண்டாவதில் 5, மூன்றாவதில் கூட்டுத்தொகை 12 என்று வையுங்கள். இரண்டாவது டிஸ்க் செத்துவிட்டால் 12இல் இருந்து 7ஐக் கழித்து 5ஐத் திரும்பப் பெறலாம். உண்மையில் நடப்பது பிட் மட்டத்தில் செய்யும் வேறொரு கணக்கு, அந்தக் கூட்டுத்தொகையும் ஒரே டிஸ்க்கில் இராமல் எல்லா டிஸ்க்கிலும் மாறி மாறிப் பரவி இருக்கும். ஆனால் தர்க்கம் இதுதான்: எத்தனை டிஸ்க் இருந்தாலும் ஒரு டிஸ்க் அளவு இடம் கணக்குக்குப் போகும். ஆகவே மூன்று 4 டெராபைட் போட்டால் 8 கிடைக்கும், நான்கு போட்டால் 12.

அளவு வேறுபட்ட டிஸ்க்குகளைக் கலந்தால், றெயிட் 5 எல்லாவற்றையும் ஆகச் சிறியதின் அளவுக்கு இறக்கித்தான் பார்க்கும். மூன்று 4 டெராபைட்டோடு நான்காவதாக ஒரு 8 போட்டால் 12தான். அந்த 8இல் பாதி சும்மா கிடக்கும். இரண்டு 4, இரண்டு 8 என்று போட்டாலும் 12க்கு மேல் போகாது.

சினோலஜியின் எஸ்.எச்.ஆர் என்ற முறை இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அது ஒவ்வொரு டிஸ்க்கையும் துண்டுகளாக்கி, சோடி கிடைக்கும் துண்டுகளைத் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளும். கணக்கு எளிது: எல்லா டிஸ்க்கின் கூட்டுத்தொகையில் ஆகப் பெரிய டிஸ்க் ஒன்றைக் கழியுங்கள். மூன்று 4, ஒரு 8 என்றால் 20இல் 8 போக 12. இதிலும் ஆதாயம் இல்லை. இரண்டு 4, இரண்டு 8 என்றால் 24இல் 8 போக 16. ஆக, எஸ்.எச்.ஆரிலும் முதல் பெரிய டிஸ்க்கால் புதிய அளவின் பயன் கிடைக்காது. இரண்டாவதில் இருந்து கிடைக்கும். நாலு டிஸ்க்கையும் ஒரே தடவையில் வாங்கக் காசில்லாத சின்னக் கடைகளுக்கு இது பெரிய உதவி. இந்த வருடம் இரண்டு, அடுத்த வருடம் இரண்டு என்று போகலாம். என்னைக் கேட்டால், புதிதாகப் பெட்டி வாங்குபவர்கள் முதல் நாளே இந்த முறையைத் தெரிவுசெய்து வைப்பது நல்லது. பிறகு மாற்றுவது இலேசான வேலையல்ல.

பின்னோக்கி மட்டும் போக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு டிஸ்க்கில் பூல் பயன்படுத்தும் அளவைவிடச் சிறியதால் அதை மாற்ற எந்த முறையும் விடாது. விரித்த பூலை மீண்டும் சுருக்குவதும் இந்தப் பெட்டிகளில் பொதுவாக நடக்காத காரியம்.

வாங்கும் முன்

முதல் வேலை, உண்மையிலேயே இடம் தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது. நாஸில் அழித்த கோப்பு உடனே போய்விடாது. ஒவ்வொரு பகிர்வு போல்டருக்கும் ஒரு குப்பைத்தொட்டி இருக்கலாம், அதைக் காலி செய்யும்வரை இடம் திரும்பக் கிடைக்காது. அதைவிட மறைவானது ஸ்னப்சொட். குறித்த நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையை அது பிடித்து வைத்திருக்கும். அழித்த கோப்பைப் பழைய ஸ்னப்சொட் ஒன்று பிடித்துக்கொண்டிருந்தால் அந்த இடமும் விடுபடாது. இரண்டையும் பாருங்கள். எடிட் செய்து வாடிக்கையாளரிடம் கொடுத்து முடிந்த கல்யாணங்களின் இடைநிலைக் கோப்புகள், ஒரே கமரா அட்டையை இரண்டு தடவை கொட்டியவை எல்லாம் பெரும் இடத்தைப் பிடித்திருக்கும். அவற்றைத் துப்புரவாக்கினாலே சில மாதங்களுக்குத் தாக்குப்பிடிக்கலாம்.

அப்படியும் இடம் காணாவிட்டால் டிஸ்க் வாங்கத்தான் வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் அளவும் திரையில் காட்டும் அளவும் ஒன்றல்ல என்பதை முதலே அறிந்திருங்கள். உற்பத்தியாளர் 1 டெராபைட் என்றால் ஒரு இலட்சம் கோடி பைட். பல நாஸ்களும் விண்டோஸும் எண்ணுவது இரண்டின் 40ஆம் அடுக்கில், அதாவது 1,099,511,627,776 பைட்டை ஒன்றாக. அதனால் 4 என்று வாங்கியது 3.6 என்றும், 8 என்று வாங்கியது 7.3 என்றும் தெரியும். கடைக்காரர் ஏமாற்றவில்லை.

டிஸ்க்கின் வகை அளவைவிட முக்கியம். சில டிஸ்க்குகள் எஸ்.எம்.ஆர் முறையில் எழுதுபவை. ஒரு தடத்தின் ஓரம் அடுத்த தடத்தின் மேல் படியும்படி நெருக்கி எழுதுவதால் குறைந்த செலவில் கூடிய இடம் கிடைக்கிறது; ஆனால் ஒரு தடத்தை மாற்ற வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். சாதாரணமாகக் கோப்பு வைக்கும்போது இது தெரியாது. டிஸ்க் மாற்றியபின் பூலைத் திரும்பக் கட்டும்போது, மணித்தியாலக்கணக்காக நிறுத்தாமல் எழுத வேண்டிய வேளையில், வேகம் படுத்துவிடும். சில பெட்டிகள் டிஸ்க் செத்துவிட்டதென்று எண்ணி அதை வெளியே தள்ளிவிடும். 2020இல் வெஸ்டேர்ன் டிஜிட்டலின் றெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சில மாதிரிகள் இந்த வகை என்பது தெரியவந்து பெரும் சர்ச்சையானது. அதன்பின் அந்த நிறுவனம், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் எழுதும் மற்ற வகையான சி.எம்.ஆர் டிஸ்க்குகளுக்கு றெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தது. சீகேட்டின் அயன்வுல்ஃப் வரிசை சி.எம்.ஆர். கடையில் “நாஸ் டிஸ்க்தான் அண்ணை” என்று சொன்னாலும் மாதிரி இலக்கத்தைக் கேட்டு, நிறுவனத்தின் விவரத்தாளில் சி.எம்.ஆர் என்று இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

பெட்டி அந்த டிஸ்க்கை ஏற்குமா என்பதும் ஒரு கேள்வி. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரிக்கும் பொருந்தும் டிஸ்க்குகளின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. 2025இல் சினோலஜி தன் புதிய பிளஸ் மாதிரிகளில் தான் ஒப்புக்கொண்ட டிஸ்க்குகளைத் தவிர மற்றவற்றைக் கட்டுப்படுத்தியது. எதிர்ப்பு வலுத்ததால் அதே வருடம் ஒக்டோபரில் வந்த தன் நாஸ் மென்பொருளின் 7.3 பதிப்பில் அதைத் தளர்த்தியது. அந்த வருடத்துப் பெட்டி வைத்திருப்பவர்கள் மென்பொருளை முதலில் புதுப்பித்துக்கொள்ளுங்கள். மிகப் பழைய பெட்டிகளுக்கு இன்னொரு எல்லை உண்டு: 32 பிட் செயலி உள்ளவற்றில் ஒரு வொலியூம் 16 டெராபைட்டைத் தாண்டாது. எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த வரம்பு வரம்புதான்.

கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வரும் சொந்தக்காரரிடம் டிஸ்க் கொண்டுவரச் சொல்வது நம்மிடம் வழமை. கொண்டுவரச் சொல்லலாம். ஆனால் வாரண்டி வாங்கிய நாட்டுக்கு மட்டும்தானா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். டிஸ்க் எப்போதாவது பழுதாகத்தான் போகிறது. யு.எஸ்.பி.யில் பூட்டும் கையடக்க டிஸ்க் கொண்டுவந்தால் அது பூலில் சேராது, நாஸின் பின்னால் தனி டிஸ்க்காகவே தெரியும். கொள்ளளவு கூட்ட அது உதவாது. பேக்கப் எடுக்க நன்றாக உதவும். அடுத்த பகுதிக்கு அது கட்டாயம் வேண்டும்.

மாற்றும் காலம்தான் ஆபத்தான காலம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

டிஸ்க் மாற்றும்போது நாஸ் பழைய டிஸ்க்கில் இருந்து புதியதற்குக் கோப்புகளை நகர்த்துவதாகப் பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான பெட்டிகளில் நடப்பது வேறு. நீங்கள் நல்ல டிஸ்க் ஒன்றைக் கழற்றுகிறீர்கள். பெட்டி அதை டிஸ்க் செத்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறது. எச்சரிக்கைச் சத்தம் எழுப்பும், பூல் பாதுகாப்பிழந்துவிட்டதாகச் சொல்லும். புதியதைப் போட்டதும், இழந்த டிஸ்க்கில் இருந்திருக்க வேண்டியவற்றை மிச்ச டிஸ்க்குகளில் இருந்து கணித்து எழுதத் தொடங்கும். அதாவது, ஆபத்துக்கென்று வைத்திருந்த ஒரே பாதுகாப்பை நீங்களே எடுத்துச் செலவழிக்கிறீர்கள். அது எழுதி முடிக்கும்வரை இன்னொரு டிஸ்க் செத்தால் றெயிட் 1, றெயிட் 5 இரண்டிலும் எல்லாம் போய்விடும். இரண்டு டிஸ்க் அளவு இடத்தைப் பாதுகாப்புக்கு வைக்கும் றெயிட் 6 மட்டும் இன்னொன்றைத் தாங்கும்.

இன்னொன்று ஏன் சாக வேண்டும் என்று கேட்பீர்கள். பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்குகள் பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வெக்கையில் ஒரே அளவு ஓடியவை. அவை முதுமையடைவதும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில்தான். மீளக்கட்டும் வேலையோ மிச்ச டிஸ்க்குகளின் ஒவ்வொரு மூலையையும் வாசிக்க வைக்கிறது. வருடக்கணக்காக யாரும் திறக்காத பழைய கல்யாணக் கோப்பு இருக்கும் இடம் பழுதாகியிருந்தால், அது தெரியவருவது அந்த இரவில்தான்.

எவ்வளவு நேரம் எடுக்கும்? செக்கனுக்குச் சராசரியாக 150 மெகாபைட் எழுதினால் 4 டெராபைட்டுக்கு 7 மணித்தியாலத்துக்கு மேல். இது பெட்டி வேறு எந்த வேலையும் செய்யாதபோது. பக்கத்தில் இருந்து இரண்டு பேர் எடிட் செய்துகொண்டிருந்தால் ஒரு நாளுக்கு மேலும் போகும். நான்கு டிஸ்க் பெட்டியில் நான்கையும் மாற்றினால் இது நான்கு தடவை நடக்கும். கடைசி டிஸ்க் முடிந்த பின், புதிதாகத் திறந்த பகுதியையும் பெட்டி ஒருமுறை சீராக்கும். அதற்கும் நேரம் போகும். இசட்எஃப்எஸ் எழுதப்பட்ட தரவை மட்டும் மீளக்கட்டுவதால், பாதி நிரம்பிய பூலில் இது சீக்கிரம் முடியும்.

ஆகவே முழு பேக்கப் கையில் இல்லாமல் டிஸ்க்கில் கை வைக்கவே கூடாது. றெயிட் இருக்கிறதே, அதுவே பேக்கப் இல்லையா என்ற கேள்வி எப்போதும் வரும். இல்லை. தவறுதலாக அழித்த கோப்பு எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில்தான் அழியும். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கப்பம் கேட்கும் மென்பொருள் இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டியபோது, எந்த றெயிட்டும் யாரையும் காப்பாற்றவில்லை. இடி விழுந்தால் பெட்டியே போய்விடும்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீற்றர் குறோ பரவச் செய்த 3-2-1 விதி இதற்குப் போதுமானது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் என்பதன் பெறுமதியை நம்மவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட குடும்பங்களில் எத்தனை பேரின் அல்பங்கள் வீட்டோடு போயின. அம்மப்பாவின் ஒரே படம், கல்யாணப் படம் என்று இன்று இருப்பவற்றில் பல, அதற்கு முன் கடிதத்தோடு வெளிநாட்டுக்கு அனுப்பிய பிரதிகளில் இருந்து திரும்பி வந்தவை. ஸ்ரூடியோ வைத்திருப்பவர் தன்னுடைய படங்களை மட்டும் வைத்திருக்கவில்லை. ஊரில் நூறு குடும்பங்களின் அல்பத்தை வைத்திருக்கிறார். கடை நகரத்தில் இருந்தால் ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்கை கோண்டாவில் வீட்டில் வையுங்கள். அதற்கு இணையமும் தேவையில்லை. செக்கனுக்கு 20 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 1 டெராபைட்டை இணையத்தில் உள்ள முகில் சேமிப்புக்கு அனுப்ப நான்கரை நாளுக்கு மேல் எடுக்கும். டிஸ்க் மோட்டார்சைக்கிளில் அரை மணித்தியாலத்தில் போய்விடும்.

பேக்கப் எடுத்தால் போதாது, அதில் இருந்து நாலைந்து கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப்பை நம்பக்கூடாது.

வேலையைத் தொடங்குதல்

நாளைத் தெரிவதும் ஒரு வேலைதான். ஆவணி முகூர்த்தக் காலத்தில் பெட்டியைத் திறக்காதீர்கள். கல்யாணம் இல்லாத ஆடி மாதத்தில் ஸ்ரூடியோக்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், அப்போது செய்யலாம். ஒக்டோபர், நவம்பரில் மின்னலோடு மழை இறங்கும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி நாம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்க மாட்டோம். இன்று அந்த நிலை இல்லாவிட்டாலும், முன்னறிவித்தல் இல்லாமல் கரண்ட் போய் வருவது நின்றுவிடவில்லை. மீளக்கட்டும் வேலை நடுவில் நின்றால் பல பெட்டிகள் விட்ட இடத்தில் இருந்து தொடரும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று போவது கோப்பு முறைமைக்கு நல்லதல்ல. யூ.பி.எஸ். இல்லாமல் தொடங்காதீர்கள். யூ.பி.எஸ்.ஸில் இருந்து யு.எஸ்.பி. கேபிள் ஒன்றை நாஸுக்குப் பூட்டி, பட்டரி குறைந்ததும் பெட்டி தானே ஒழுங்காக நிற்கும்படி அமைத்துவிட வேண்டும். இந்தக் கேபிளைப் பூட்டாமல் விட்டுவிடுபவர்கள் பலர். பூட்டாவிட்டால் யூ.பி.எஸ். சில நிமிடங்களைத்தான் வாங்கித் தரும். அந்த நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்பது பெட்டிக்குத் தெரியாது.

தொடங்கும் முன் இருக்கும் டிஸ்க்குகளின் உடல்நிலையைப் பாருங்கள். ஸ்மார்ட் எனப்படும் சோதனையின் நீண்ட வகையை எல்லா டிஸ்க்கிலும் ஓடவிடுங்கள். மாற்றி ஒதுக்கிய செக்டர், நிலுவையில் உள்ள செக்டர் (செக்டர் என்பது டிஸ்க்கின் ஒரு சிறு துண்டு) என்ற இரண்டு எண்களும் பூச்சியமாக இருப்பது நல்லது. பூல் முழுவதையும் வாசித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பிங் வேலையையும் ஒருமுறை செய்யுங்கள். ஏதாவது டிஸ்க் நோய்ப்பட்டிருந்தால் மாற்ற வேண்டிய முதல் டிஸ்க் அதுதான். மிச்சத்தை வைத்துக்கொண்டு அதைக் கடைசியில் மாற்றலாம் என்று விடுவது பெரிய தவறு.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. எந்தத் தட்டில் எந்தத் தொடரிலக்கம் உள்ள டிஸ்க் இருக்கிறது என்பதைத் திரையில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். தவறான டிஸ்க்கை இழுத்து எடுத்து அழிந்த பூல்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. முன்பக்கத்தில் தட்டை இழுத்து எடுக்கும் பெட்டிகளில் பொதுவாக ஓடும்போதே மாற்றலாம். மூடியைக் கழற்றித் திறக்கும் மலிவான மாதிரிகளில் நிறுத்திவிட்டே மாற்ற வேண்டும். புதியதைப் போட்டு, பூலின் பக்கத்தில் திருத்துவதற்கான கட்டளையைக் கொடுங்கள். கியூநாப்பில் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக மாற்றி அளவு கூட்டுவதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. அது ஒவ்வொரு அடியாகக் கேட்டுக் கேட்டுக் கூட்டிப்போகும். திருத்தம் முழுக்க முடிந்து, பூல் நலம் என்று காட்டும்வரை அடுத்த டிஸ்க்கைத் தொடாதீர்கள். 99 வீதத்தில் அவசரப்படுவதும் பாதியில் அவசரப்படுவதும் ஒன்றுதான்.

அந்த நேரத்தில் டிஸ்க்குகள் சூடேறும். கதவு பூட்டிய அலுமாரிக்குள் பெட்டி இருந்தால் வெளியே எடுத்து வையுங்கள், தூசைத் தட்டுங்கள், தேவையானால் ஒரு ஃபான் போடுங்கள். 40 பாகை அளவில் இருந்தால் நிம்மதி. 50ஐத் தாண்டினால் நான் ஏதாவது செய்வேன்.

கழற்றிய பழைய டிஸ்க்கை உடனே அழித்து வேறு வேலைக்கு எடுக்காதீர்கள். றெயிட் 1இல் முதலில் கழற்றியதில் அந்த நேரம் வரையான முழுப் பிரதி இருக்கிறது. லினக்ஸ் கணினி ஒன்றில் பூட்டி அதைப் பெரும்பாலும் வாசிக்கலாம். றெயிட் 5இல் தனி டிஸ்க் ஒன்றில் முழுக் கோப்பு எதுவும் இராது என்பதால் அந்த நன்மை இல்லை.

வேறு வழிகள்

பெட்டியில் வெற்றுத் தட்டு இருந்தால் டிஸ்க் ஒன்றைச் சேர்ப்பதே இலகு. பூலில் உள்ள ஆகச் சிறிய டிஸ்க்குக்குக் குறையாததாக இருந்தால் றெயிட் 5 ஏற்றுக்கொள்ளும். எஸ்.எச்.ஆரில், இருப்பவற்றில் ஏதாவது ஒன்றின் அளவோ அல்லது ஆகப் பெரியதைவிடப் பெரியதோ வேண்டும். இங்கே எதையும் கழற்றுவதில்லை ஆதலால் பாதுகாப்பு குறைவதில்லை; ஆனால் இருக்கும் தரவு முழுவதையும் புதிய டிஸ்க்கோடு பங்கிட்டு அடுக்க வேண்டும் என்பதால் நாட்கணக்கில் ஓடலாம். இசட்எஃப்எஸ்ஸில் றெயிட் 5 போல வேலை செய்யும் றெயிட்-இசட் தொகுதி ஒன்றுக்கு ஒரே ஒரு டிஸ்க்கைச் சேர்ப்பது நீண்டகாலமாக முடியாததாகவே இருந்தது. 2025 ஜனவரியில் வந்த ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3 பதிப்புத்தான் அந்தக் கதவைத் திறந்தது. பழைய ஆலோசனைகளை இணையத்தில் வாசிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சில மாதிரிகளோடு விரிவாக்கப் பெட்டி ஒன்றைக் கேபிளால் பூட்டலாம். சினோலஜியின் டிஎக்ஸ்517 ஐந்து டிஸ்க் கொள்ளும். அப்படிச் செய்தால் பழைய பூலை அந்தப் பெட்டிக்குள்ளும் நீட்டாமல், அங்கே தனிப் பூல் ஒன்றை அமைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரே பூல் இரண்டு பெட்டியிலும் பரந்திருந்தால், துடைக்கும்போது ஒரு கேபிள் கழன்றாலே முழுப் பூலும் விழும்.

நான்கு டிஸ்க்கையும் ஒரேயடியாக மாற்றப் போகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நல்ல பேக்கப் இரண்டு கையில் இருந்தால், பழைய நான்கையும் எடுத்து வைத்துவிட்டு, புதிய நான்கில் பூலைப் புதிதாகவே ஆக்கி, கோப்புகளைத் திரும்பக் கொட்டலாம். நான்கு தடவை மீளக்கட்டுவதற்குப் பதில் ஒரு தடவை கொட்டுவதோடு முடிந்துவிடும், பழைய தொகுதியும் தொடப்படாமல் அலுமாரியில் இருக்கும். றெயிட் 5இல் இருந்து 6க்கோ எஸ்.எச்.ஆருக்கோ மாற விரும்பினாலும் இதுதான் சந்தர்ப்பம். பயனாளர் பெயர்களையும் அனுமதிகளையும் திரும்பப் போட வேண்டிய அலுப்பு இருக்கிறது, ஆனால் அமைப்புகளை முன்பே ஏற்றுமதி செய்து வைத்தால் அதுவும் பெரும்பாலும் தீரும்.

ஒரே டிஸ்க் கொண்ட பெட்டி வைத்திருப்பவர்களுக்கு விரிவாக்கம் என்று ஒன்று இல்லை. பெரிய டிஸ்க் போட்டுப் புதிதாகத் தொடங்குவது அல்லது இரண்டு டிஸ்க் பெட்டிக்கு மாறுவது. காசைச் செலவழிப்பதானால் இரண்டாவதற்கே செலவழியுங்கள்.

முடிந்த பிறகு

வொலியூம் புதிய அளவைக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் முதலில் பூலின் அளவைப் பாருங்கள்: பூல் பெரிதாகி வொலியூம் பழையபடி நின்றால் வொலியூமை விரிக்கும் கட்டளைதான் மிச்சம், பூலே பெரிதாகாவிட்டால் ஏதோ ஒரு டிஸ்க் இன்னும் சிறியதாக இருக்கிறது. மீண்டும் ஒருமுறை ஸ்க்ரப்பிங் ஓடவிடுங்கள். 80 வீதம் நிரம்பியதும் மின்னஞ்சல் வரும்படி அறிவித்தலை அமைத்துவிடுங்கள். 98இல் விழித்தெழுந்து அவசரத்தில் டிஸ்க் தேடுவதைவிட, அப்போதே தொடங்கினால் விலை பார்த்து வாங்கலாம். பேக்கப் டிஸ்க்கின் அளவும் இனிப் போதுமா என்று கணக்குப் பாருங்கள். பெட்டி 4இல் இருந்து 8 ஆகி, பேக்கப் 4ஆகவே நின்றால், அடுத்த ஆவணியில் எடுக்கும் கல்யாணங்களுக்குப் பிரதி இராது.

பழைய டிஸ்க்குகளை ஒரு மாதமாவது வைத்திருந்துவிட்டு, நலமாக இருப்பவற்றை யு.எஸ்.பி. உறைக்குள் போட்டு பேக்கப்புக்கே பயன்படுத்தலாம். விற்பதானால் வெறுமனே ஃபோர்மட் செய்து கொடுக்காதீர்கள். சாதாரண விரைவு ஃபோர்மட் கோப்புகளின் அட்டவணையை மட்டும்தான் எடுக்கும், மீட்கும் மென்பொருள் தெரிந்த எவரும் உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம். நாஸிலேயே பாதுகாப்பாக அழிக்கும் வசதி இருக்கிறது. டிஸ்க் முழுவதும் திரும்ப எழுதி முடியப் பல மணித்தியாலம் எடுக்கும். பழுதான டிஸ்க்கானால் விற்காமல் தட்டுகளில் துளை போட்டுவிடுங்கள்.